தெருவுக்கு ஐந்து சுமதி

1

இந்த வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, என் மகள் மாடியில் தலைவாரிக்கொண்டிருக்கும்போதே, அப்படி ஒருத்தி இந்த வீட்டில் கிடையாது என்று நான் சொல்லிவிட்டேன். பெற்றவள் சொல்கிற சொல்லா இது? ஆனால் சொன்னேன்.

நாங்கள் இருக்கும் ஹல் நகரம் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு துறைமுக ஊர். திருவொற்றியூர் காலடிப்பேட்டையை விட்டு இங்கே வந்து பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. டெலிபோன் மட்டும் இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறது. அது அடித்தால் எனக்கு இன்னும் பயம்தான். ஊரில் தந்திக்காரன் வாசலில் நின்றால் எப்படி இருக்குமோ அப்படி. அன்றைக்கு எடுத்தேன். ஒரு பெண்குரல், "சூ இருக்கிறாளா?" என்று இங்கிலீஷில் கேட்டது. அப்படி யாரும் இங்கே இல்லை, ராங் நம்பர் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டு, குழம்பைப் பார்க்கப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் என் மகள் சுமதி தடதடவென்று இறங்கி வந்தாள். யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டாள். யாரோ சூவாம், ராங் நம்பர் என்றேன். அவள் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. சிநேகிதிகள் எல்லோரும் சேர்ந்து சினிமாவுக்குப் போகிறார்களாம், எங்கே சந்திப்பது என்று சொல்லத் தெருப் பெட்டி டெலிபோனிலிருந்து கூப்பிட்டிருப்பார்களாம், இனி திருப்பிக் கூப்பிடவும் முடியாதாம், அவள் இல்லாமலே போய்விடுவார்களாம்.

"நான்தான் சூ! ஸ்கூல்ல சேர்ந்த நாளா நான்தான் சூ. உனக்கு மட்டும் தெரியாதா?" என்று கத்தினாள்.

அவள் தமிழைப் புரிந்துகொள்வாள், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். நான் அதைத் தமிழில் எழுதுகிறேன். எழுத்திலாவது தமிழில் பேசட்டுமே.

மேலே போனவள் ஒரு தாளை எடுத்துவந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். பேரை மாற்றிக்கொள்வதற்கான பத்திரம். இனிமேல் சட்டப்படி சூசன். பதினெட்டு வயது நிரம்பாததால் பெற்றவர்கள் கையெழுத்து வேண்டும். அப்பா போட்டாயிற்று. அந்த மனுஷர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள்!

"நான் செத்தாலும் போட மாட்டேன்" என்றேன்.

"உன்னை வேலை செய்யற எடத்துல எல்லாரும் டாமின்னு கூப்பிடறாங்க. நீ திரும்பிப் பாக்கறே. நான் மட்டும் ஏன் கூடாது?"

மீனை வெட்டிப் பெட்டியில் அடைக்கும் ஷெட்டில் எனக்கு வேலை. அங்கே என் முழுப்பேர் யார் வாயிலும் நுழையாமல் டாமி ஆக்கிவிட்டார்கள். ஊரில் நாய்க்கு வைக்கிற பேர். போகட்டும் என்று விட்டுவிட்டேன். என் பேர் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஏன் இல்லை என்பதைச் சொன்னால்தான் சுமதி என்ற பேர் எனக்கு ஏன் அவ்வளவு பெரிசு என்பது உங்களுக்கு விளங்கும்.

2

என் பேர் தவிட்டம்மாள்.

எனக்கு முன்னால் எங்கள் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து, மூன்றும் தங்கவில்லை. நல்ல நல்ல பேர் வைத்த பிள்ளைகள். நான் பிறந்ததும் என்னைக் குப்பைமேட்டில் ஒரு பழந்துணியில் போட்டுவிட்டார்கள். எதிர்வீட்டு அம்மாள் ஒரு முறம் தவிடு கொடுத்து என்னை விலைக்கு வாங்கி, திரும்ப எங்கள் அம்மா கையில் வளர்க்கச் சொல்லிக் கொடுத்தாள். தவிட்டுக்கு வாங்கின பிள்ளை, இதை எடுத்துக்கொண்டு போய் என்ன செய்வது என்று எமன் திரும்பிப் போய்விடுவானாம். போய்விட்டான் போலிருக்கிறது. இதோ ஐஸ்மீன் வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உயிர் பிழைத்தது. மானம் பிழைக்கவில்லை. கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆஜர் எடுக்கும்போது என் பேர் வந்தால் வகுப்பே சிரிக்கும். "தவுடு வந்துட்ச்சா? மாட்டுக்கு கலக்கு" என்பான் ஒருத்தன். சரோஜா என்று கூப்பிட்டால் இரண்டு பேர் எழுந்திருப்பார்கள், ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். எனக்கு மட்டும் ஜோடி கிடையாது. அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால் அம்மா சொல்வாள்: "அந்தப் பேரு இல்லாட்டி நீயே இல்லடி. பேரு சிரிச்சா இன்னா, நீ சிரிச்சிகினு கெட." அது எனக்கு அப்போது புரியவில்லை. நமக்கு ஒரு பெண் பிறந்தால் தெருவிலேயே ரொம்ப சாதாரணமான பேராகப் பார்த்து வைக்க வேண்டும் என்று மட்டும் அந்த வயசிலேயே நினைத்துக்கொண்டேன்.

3

கல்யாணத்துக்குப் பிறகு காலடிப்பேட்டையில் தையல் மெஷின் போட்டேன். பெண் குழந்தைகளுக்குக் கவுன், பாவாடை சட்டை. அப்போது கிடைத்தவள்தான் பிலோமினா. ராயபுரம் வேதக்காரப் பெண். பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. வாய் ராயபுரத்தில் ஆரம்பித்தால் எண்ணூரில்தான் நிற்கும்.

அவள் வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். சர்ச் வாசலில் திருநாள் கூட்டம். யாரோ ஒரு அம்மாள், "டேய் அந்தோணீ!" என்று ஒரு குரல் விட்டாள் பாருங்கள், தெருவில் பாதிப் பேர் திரும்பினார்கள். கிழவன், குமரன், டவுசர் போட்ட பொடியன், பலூன் விற்கிறவன்கூட. எல்லோரும் திரும்பிவிட்டு, தன்னை இல்லை என்று தெரிந்து சிரித்தார்கள். பிலோமி தலையில் அடித்துக்கொண்டாள். "பேஜாருமே. சோத்துக்குக் கூப்டா பத்து பேரு வந்து குந்துவானுங்க" என்றாள். எனக்கோ பொறாமையாக இருந்தது. ஒரு பேரைச் சொன்னால் இத்தனை பேர் தன்னுடையது என்று திரும்புகிறார்களே, இவர்களில் ஒருத்தன்கூடத் தனியாள் கிடையாதே என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டு. அடுத்து எந்தப் பேர் வரப்போகிறது என்று சொல்ல வேண்டும். தோற்றவள் மசால்வடை வாங்கித் தர வேண்டும்.

"பேரு எங்கமே பொறக்குது? சினிமா கொட்டாயில பொறக்குது. எந்தப் படம் ஓடுதோ அந்தப் பேரு" என்பாள் பிலோமி.

நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் மெஷின் எனக்கு வேறு கதை சொல்லிற்று. ரயில்வே குவாட்டர்ஸ் கிளார்க்கு வீட்டுப் பெண்களுக்கு யூனிபார்ம் தைக்கும்போது அளவெடுத்துக்கொண்டே பேர் கேட்பேன். அங்கே பள்ளிக்கூடம் போகிற பெண்ணுக்கு என்ன பேரோ, அது கொஞ்ச வருஷத்தில் எங்கள் தெருத் தொட்டிலுக்கு வந்துவிடும். எங்கள் தெருவில் அது நடக்கப் பழகும்போது மீனவர்கள் இருக்கும் முகத்துவாரக்குப்பத்தில் போய் இறங்கும். அங்கிருந்து மீன்கூடையோடு எங்கள் தெருவுக்குள்ளே வரும்போது, குவாட்டர்ஸ்காரர்கள் அந்தப் பேரை மறந்தே போயிருப்பார்கள். பேர் நடந்துதான் வரும், பறந்து வராது என்பேன் பிலோமியிடம்.

"படிச்ச திமிருமே ஒனக்கு" என்பாள். எட்டாவது படித்தவளுக்கு அந்தத் திமிர்!

என் வயிற்றில் குழந்தை தங்கியபோது இது விளையாட்டாக இல்லாமல் போயிற்று. சாந்தி என்ற பேர் பொங்கி வழிந்து அடங்கும் நேரம் அது. அடுத்தது எது? அந்த வருஷம் குவாட்டர்ஸ் பக்கம் நான் யூனிபார்ம் தைத்த சின்னப் பெண்களில் எங்கே திரும்பினாலும் சுமதி. எங்கள் தெருவில் அப்போது ஒருத்திகூடக் கிடையாது. வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது, என் பெண் முதல் ஆளாகப் போய் நிற்பாள், மீதிப் பேர் பின்னாலேயே வந்து சேர்ந்துகொள்வார்கள் என்று கணக்குப் போட்டேன்.

4

பேர் வைக்கிற அன்றைக்கு வீட்டில் ஒரு யுத்தமே நடந்தது. என் வீட்டுக்காரருக்குக் கட்சிக் கூட்டம் கேட்டுக் கேட்டு, தேன்மொழி என்று வைக்க ஆசை. மாமியாருக்கு வடிவு. "அம்பாள் காலடியில குந்திகினு வேற பேரு இன்னாடி பேரு?" என்றார். திருவொற்றியூரில் வடிவுடையம்மனை விட்டுவிட்டு வேறு பேர் வைப்பது அவருக்குப் பாவம். நான் குழந்தையை மடியைவிட்டு இறக்கவே இல்லை. சுமதி என்று வைத்தால்தான் தொட்டிலில் விடுவேன் என்றேன். பச்சை உடம்புக்காரி சொல்லை யார் தட்டுவது? மாமியாரே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குழந்தை காதில் மூன்று தரம் சொன்னார்.

பிலோமி வந்து தொட்டிலை எட்டிப் பார்த்தாள். "இன்னாமே, எல்லாரும் யாருக்கும் இல்லாத பேரா தேடுவாங்கோ. நீ ஊருக்கே வெக்கப் போற பேரா பாத்து வெச்சிகீறே?"

"அதான் எனக்கு வேணும். பத்து சுமதி நடுவுல எம் பொண்ணு எதுன்னு எமனே பேஜாராவணும்" என்றேன். அவளுக்கு என் பேரின் கதை தெரியும். சிரிக்காமல் என் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

என் வாக்கு பலித்தது. அவள் பேச ஆரம்பிப்பதற்குள் மாடிவீட்டில் ஒரு சுமதி. இஸ்திரி வண்டிக்காரர் வீட்டில் ஒரு சுமதி. கோடிவீட்டில் கறுப்பு சுமதி. மாவு மெஷின்காரர் பேத்தி சுமதி. என் பெண் தையக்கார சுமதி. தெருமுனையில் நின்று கூப்பிட்டால் ஐந்து வாண்டுகளும் ஓடிவரும். அந்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காகவே நான் காரணம் இல்லாமல் கூப்பிட்டிருக்கிறேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கப்புறம் வரவில்லை.

5

வீட்டுக்காரர் துறைமுகத்தில் ஃபிட்டர். சீமையில் ஃபிட்டர்களுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு மனுப்போட்டார், கிடைத்துவிட்டது. சுமதிக்கு நான்கு வயது. பத்து சுமதிக்கு நடுவில் நிற்க வேண்டியவளைக் கையைப் பிடித்து, ஒரு சுமதியும் இல்லாத ஊருக்கு நானேதான் கூட்டிவந்தேன். அப்போது அது எனக்குத் தோன்றவே இல்லை. சுவெட்டர் எத்தனை வேண்டும் என்பதுதான் கவலை.

வந்ததும் எந்த ஆபீசுக்குப் போனாலும் குடும்பப் பேர் என்ன என்றார்கள். நமக்கு ஏது அது? ஏதோ ஒன்று சொல்ல வேண்டுமே என்று அவர் தன் பேரையே கொடுத்துவிட்டார். வந்தது வினை. புருஷன் பேரை வாயால் சொல்லாத நான், டாக்டரிடம், வீட்டுக்குப் பால் போடுகிறவனிடம், பஸ் பாஸ் கொடுக்கிறவளிடம், எல்லோரிடமும் அந்தப் பேரைச் சொன்னால்தான் நான் யார் என்று தெரியும். முதல் தரம் சொன்னபோது நாக்கைக் கடித்துக்கொண்டேன். கவுண்டரில் இருந்தவள் எனக்குப் பல்வலி என்று நினைத்தாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கு டீச்சர் பேரைப் பார்த்தாள், இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள், சிரித்தாள். "நாம் இவளை சூ என்று கூப்பிடலாம்" என்றாள். செல்லமாகக் கூப்பிடுகிறாள், நம் பிள்ளை அதிர்ஷ்டக்காரி என்று நினைத்து நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் சுமதி, வெளியில் சூ. இரண்டு பேரும் இத்தனை வருஷம் சண்டை போட்டுக்கொள்ளவில்லை, அல்லது எனக்குத் தெரியவில்லை. அந்த ஜூன் மாதச் சண்டையில்தான் சொன்னாள்: "முதல் நாள் வர்ற ஒவ்வொரு டீச்சரும் என் பேருகிட்ட வந்து நிப்பாங்க. எல்லாரும் திரும்பி என்னைப் பாப்பாங்க. அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

எனக்கா தெரியாது?

"என் வகுப்புல நாலு சூசன் இருக்காங்க. யாரும் அவங்களைத் திரும்பிப் பாக்கறதில்ல. எனக்கு அப்படி இருக்கணும்மா."

நான் வேறு பேச்சு பேசினேன். ஆவணியில் என் கொழுந்தனார் மகள் கல்யாணம், டிக்கெட் வாங்கியாயிற்று. "ஊருக்கு வா. உன் பேரை உன் ஊர்ல ஒரு தடவை கேளு. அப்புறமும் வேண்டாம்னா கையெழுத்துப் போடறேன்" என்றேன். சரி என்று தாளை மடித்து எடுத்துக்கொண்டாள்.

6

கும்மிடிப்பூண்டி ரயிலில் திருவொற்றியூரில் இறங்கினோம். கல்யாண வீட்டில் அவளை ஆளாளுக்குக் கன்னத்தைக் கிள்ளினார்கள். அவளும் முகம் சுளிக்காமல் புடவை கட்டிக்கொண்டாள், சாப்பிட்டாள், சிரித்தாள். குறை சொல்ல முடியாது, நல்ல பெண். கல்யாணத்துக்கு பிலோமியும் வந்திருந்தாள். தலை நரைத்துவிட்டது, வாய் நரைக்கவில்லை.

"இன்னாடி, அத்தைய தெர்தா? ஒன் பேரு இன்னா, சொல்லு பாப்போம்."

"சூ" என்றாள் என் மகள்.

பிலோமி என்னைப் பார்த்தாள். டாமி கதையையும் நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். "அம்மாக்காரி டாமி, பொண்ணு சூவா? நல்லா கீதுமே ஒங்க சீமை!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, "ஜெயிச்சது நீதாம்மே. வடை பாக்கி கீது. ஆனா சுமதி பழசாயிட்ச்சி. எல்லாம் தாவணி போட்டுகினு கல்யாணத்துக்கு நிக்குதுங்கோ. இப்ப பொறக்கறது பூரா கவிதா. ஒரு நாள்ல மூணு கவிதா பாக்கறேன்" என்றாள்.

நான் தைரியத்தை விடவில்லை. மறுநாள் சாயங்காலம் தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுகிற நேரமாகப் பார்த்து, மகளைக் காலடிப்பேட்டைக்கு எங்கள் பழைய தெருவுக்கு அழைத்துப்போனேன். வழியெல்லாம் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே வந்தேன். அடி பைத்தியமே, பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் நிற்பதுபோல் ஏன் இப்படிப் பண்ணுகிறாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

குழாயடியில் குடங்கள் வரிசையாக இருந்தன. கோடிவீட்டு வாசலில் ஒரு அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு குரல் கொடுத்தாள்.

"சுமதீ! ஏ சுமதீ! வூட்டுக்கு வரப் போறியா இல்லியா?"

குழாயடியில் குடத்தைத் தூக்கப்போன ஒருத்தி நிமிர்ந்தாள். சைக்கிளில் போன ஒருத்தி காலை ஊன்றி நிறுத்தினாள். மாவு மெஷின் வாசலில் தூக்குவாளியோடு நின்றவள் திரும்பினாள். மேல்மாடியிலிருந்து இன்னொருத்தி ஈரத்துணியோடு எட்டிப் பார்த்தாள். எல்லோரும் என் மகள் வயசு. நான் கூப்பிட்டால் ஓடிவந்த அதே வாண்டுகள், தாவணியில். ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நானும் திரும்பியிருந்தேன்.

என் மகள் திரும்பவில்லை. எதிர்ச் சுவரில் ஒரு ஆடு பின்னங்காலில் நின்று சினிமா போஸ்டரைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆடு போஸ்டரில் இருந்த நடிகையின் கூந்தல் வரைக்கும் தின்று முடித்த பிறகுதான், நான் நின்றுவிட்டதைக் கவனித்தாள்.

"என்னம்மா? யாரைக் கூப்பிடறாங்க?"

"யாரையோ" என்றேன்.

நான்தான் அவள் தோளைத் தட்டி, உன்னைத்தான், திரும்பு என்று சொல்லியிருக்க வேண்டுமோ? தட்டித் திருப்புகிற பேர் என்ன பேர்? அழுகை வந்தது. தெருப் புழுதி கண்ணில் விழுந்தது என்று சொல்லிவிட்டேன். திரும்பி வரும்போதுதான் அந்த நாலு சூசன்கள் நினைவுக்கு வந்தார்கள். கூட்டத்தில் ஒருத்தியாக அவள் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது நான்தானே. அவளும் அதையேதான் கேட்கிறாள். நான் சேர்த்துவைத்த கூட்டம் இங்கே குழாயடியில் நிற்கிறது. அவள் கூட்டம் ஹல்லில் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறது. யாரைக் கோபித்துக்கொள்வது?

7

ஹல்லுக்குத் திரும்பிய வாரமே வக்கீல் ஆபீசுக்குப் போனோம். முழுப்பேரில் கையெழுத்து வேண்டும் என்றார் வக்கீல். டாமி செல்லாதாம். இங்கே வந்த பிறகு முதல் தடவையாகத் தவிட்டம்மாள் என்று எழுத்துக்கூட்டி முழுசாக எழுதினேன். என் மகள் எட்டிப் பார்த்து, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். பஸ்ஸில் வரும்போது குப்பைமேட்டையும் முறத்தையும் சொன்னேன். எமன் கதைக்குச் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"உங்கம்மாவுக்கு நீ சாகக் கூடாதுன்னு அவ்வளவு பயமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். இறங்கும் வரைக்கும் விடவில்லை. சுமதி என்ற பேரைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நேற்றுச் சாயங்காலம் ஷெட்டிலிருந்து வந்து கையில் மீன்வாடை போகத் தேய்த்துக்கொண்டிருந்தேன். டெலிபோன் அடித்தது. ஈரக்கையோடு எடுத்தேன். அதே பெண்குரல், கொஞ்சம் பயந்துகொண்டே, சூ இருக்கிறாளா என்றது.

"இருக்கிறாள், இரு" என்றேன்.

மாடிப்படிக்கு வந்து, "சுமதி!" என்று கூப்பிட்டேன். மேலே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு தரம் கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. போனில் அந்தப் பெண் காத்துக்கொண்டிருந்தாள்.

"சூ" என்றேன்.

சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. தடதடவென்று ஓடிவந்தாள்.